விடைக்கு விட்ட இடம்

தூசி தட்டத்தான் வந்தாள். வேறொன்றுக்கும் இல்லை என்று சாந்தாமணி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்; சொல்லி முடித்ததும், சொந்த வீட்டில் தூசி தட்டுவதற்கு யாரிடம் சமாதானம் சொல்கிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. மே மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை. குழம்பு இறங்கியாயிற்று, சாதம் வெந்து மூடிக் கிடக்கிறது, கணவர் ஜெகதீசன் கம்பெனியிலிருந்து சாப்பாட்டுக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது. வடவள்ளியில் அவர்கள் தெரு இந்த நேரத்தில் செத்தது போல் இருக்கும். எதிர்வீட்டு நாய்கூட காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ராத்திரியைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாதது இந்த உச்சிப் பொழுதுதான். எல்லாம் பளிச்சென்று தெரியும், எதற்கும் நிழல் இருக்காது. நிழல் இல்லாத பொருளைப் பார்க்கும்போது அது அங்கே நிற்கிறதா அல்லது நிற்பது போல் இருக்கிறதா என்று ஒரு கணம் தடுமாறும். மேஜை மேல் கிடந்த ஹெட்போனும் அப்படித்தான் இருந்தது. மிருதுவின் மேஜை. மகள் மிருதுளா இருந்தவரை பி.காம். புத்தகங்கள் அடுக்கியிருந்த மேஜை, இப்போது அவள் அப்பாவின் லேப்டாப்பும், கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு ஆம்ப்ளிபயரும், இந்த ஹெட்போனும். துணியை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தாள். உரித்த தேங்காய் கனம் இருந்தது. இதைத் தலையில் மாட்டிக்கொண்டு எப்படி மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார், கழுத்து வலிக்காதா, வலித்தாலும் சொல்ல மாட்டார், அவர் எதைச் சொன்னார். இரண்டு பெரிய வட்டங்கள், வெளிப்பக்கம் சல்லடை போல் ஓட்டை ஓட்டையாக, உள்பக்கம் மெத்தென்ற தோல். தோலில் அவருடைய தலையெண்ணெய் வாசனை ஏற ஆரம்பித்துவிட்டது. ஒரு பவுன் விலை. ஒரு பவுனை வாங்கி யாராவது காதில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்க நினைத்து, தோடும் காதில்தானே இருக்கிறது என்று தோன்றி, அந்த நினைப்பு பாதியில் நின்றுபோனது.

பார்சல் வந்த அன்று அவள் தம்பி மோகன்குமார் வீட்டில் இருந்தான். காந்திபுரத்தில் மொபைல் கடை வைத்திருப்பவன், இந்த மாதிரிச் சாமான்களில் அவனுக்குத் தெரியாதது இல்லை என்று அவனுக்கு எண்ணம். பெட்டியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். "என்ன மச்சான், பிளானர் ஹெட்போனா? யூடியூப்ல பாத்து ஏமாந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க," என்றான். "கண்ணக் கட்டிட்டு இதையும் சாதா ஹெட்போனையும் மாத்தி மாத்திப் போட்டு விட்டா, எது எதுன்னு பாதிப் பேரால சொல்ல முடியாதுங்க. வெல தெரிஞ்சாத்தான் வித்தியாசம் தெரியும். காசு குடுத்துட்டோம்ல, அதுக்குத் தக்கன காது கேக்கும்." ஜெகதீசன் கோபித்துக்கொள்ளவில்லை. பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங்கில் இருபது வருஷமாக இருக்கிற மனுஷன், ஓடுகிற மோட்டாரில் கம்பியை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தே பேரிங் போகப் போகிறதா என்று சொல்லிவிடுவார். கோபத்தையும் அப்படித்தான் தூரத்தில் வைத்தே கேட்டுக்கொள்வார். ஒரு தட்டை எடுத்து மேஜை மேல் வைத்து நடுவில் விரலால் தட்டிக் காட்டினார். "சாதாரணமானதுல இப்பிடித்தான் நடுவுல மட்டும் தள்ளும் மோகன். ஓரம் கொஞ்சம் பொறுத்துத்தான் அசையும். இதுல அப்பிடியில்ல. மயிரவிட மெல்லிசா ஒரு சவ்வு, அது பூரா கம்பியோட்டம், ரெண்டு பக்கமும் காந்தம். மொத்தச் சவ்வும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரும். அதனால எவ்வளவு சின்னதா இருந்தாலும் விடாது." விடாது என்று அவர் சொன்னவிதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது ஞாபகம் இருக்கிறது. எதை விடாது? அப்படி என்ன பாட்டு, எவ்வளவு சின்னதாக. மோகன் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, மச்சானக் கொஞ்சம் பாத்துக்க. துக்கத்த இப்பிடிக் கடைல போய்த் தீத்துக்கறவங்க நெறையப் பேரு. எனக்கே ஏவாரம் அவங்களாலதான்," என்றான். அவள் தலையாட்டினாள். பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர், பார்த்துக்கொள்கிறவள் தான், அது மிருது போன அன்றே முடிவாகிவிட்டது போல் இருந்தது.

ஐப்பசி மாதம், டெங்குக் காய்ச்சல், இரண்டு வருஷம் முடியப் போகிறது. திங்கட்கிழமை தலைவலி என்று காலேஜிலிருந்து வந்தவள் வெள்ளிக்கிழமை இல்லை. அதற்கு மேல் அதை நினைப்பதில்லை என்று வைத்திருந்தாள். சாந்தாமணி காரியம் முடிந்த மறு வாரமே பள்ளிக்கூடம் போனவள். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தினாள். ஒரு பகடையை உருட்டினால் ஏழு விழுவதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டு, பூச்சியம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தியபோது குரல் நடுங்காமல் அதைத் திருப்பிச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினாள். டீச்சர்கள் ஓய்வறையில் அவளைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், என்ன தைரியம் பாரு. அவர்தான் உடைந்துபோனார். உடைவது என்றால் அழவெல்லாம் இல்லை, அழுதிருந்தால் பரவாயில்லை. முதலில் ஒரு சின்ன இயர்போன் வந்தது. பிறகு காதுத் துளைக்குள் ஆழமாகப் போகிற ஒன்று. பிறகு காதை முழுதாக மூடுகிற ஒன்று, அதைப் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை, ஒவ்வொன்றையும் கொஞ்ச மாதத்தில் ஓரம் கட்டிவிடுவார். என்ன பாட்டுங்க கேக்கறீங்க என்று ஒரு தடவை கேட்டதற்கு, பழசுதான் என்றார். பழைய பாட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, கையைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்கிறவன் தலையை ஆட்டுவான், காலைத் தட்டுவான், இவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி குனிந்திருப்பார். போன மாதம்கூட, "சாந்தா, ஒரு டாக்டரப் பாத்துட்டு வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது, தானாகவே உணர்ந்துவிட்டாரே என்று. "கண்டிப்பாப் போலாமுங்க. உங்களுக்கு அது நல்லதுதான்," என்றாள். அவர் அவளையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆண்பிள்ளைக்குக் கூச்சம், நாமே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள், அதையும் இப்போது நினைத்தாள், நினைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஹெட்போன் எப்போது தலைக்கு ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போட்டதும் தெரு போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. சல்லடை வழியே விசிறிச் சத்தம், தொலைவில் ஒரு காக்கை, எல்லாம் இருந்தது. இதற்கா ஒரு பவுன். லேப்டாப்பில் அவர் பாதியில் நிறுத்திவிட்டுப் போனது அப்படியே நின்றுகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. விசிறி, காக்கை. ரிப்பேர்ச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான்கள் என்று எடுக்கப் போனபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. இடது பக்கம், கொஞ்சம் பின்னால், எப்போதும் அடிக்கிற இடத்தில். மூன்றாவது விசிலா நான்காவதா என்று எண்ணம் ஓட, ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. குக்கர் ஆறிப்போய்த் திண்டின் ஓரத்தில் இருந்தது, மூடியைத் தொட்டுப் பார்த்தாள், மூடியில் சூடே இல்லை. சமைத்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. சமையலறை நடுவில் நின்றாள். பிறகு மெதுவாகப் புரிந்தது, அது பாட்டில்லை. அது இந்த வீடு. அவர் கம்பெனியில் மோட்டார் சத்தம் பிடிக்க வைத்திருக்கிற கையளவு ரிக்கார்டரை ஃப்ரிட்ஜ் மேல், சூலம் வரைந்த காலண்டருக்குப் பின்னால், ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கம்பெனிச் சாமானை வீட்டில் கண்ட இடத்தில் வைக்கிறார் என்று எடுத்து மேஜை மேல் வைத்தாள், மறுநாள் அது திரும்பவும் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. வீட்டை எதற்குப் பதிவு செய்கிறார். மிருது இருந்தபோது செய்ததா? பிள்ளையின் குரல் இருக்குமோ, அதைத்தான் ஒளித்து வைத்துக் கேட்கிறாரோ, தன்னிடம் சொல்லாமல். அப்படியானால் அது துரோகம், அப்படியானால் அது எவ்வளவு பெரிய பாக்கியம். திரும்ப ஓடி வந்து மாட்டிக்கொண்டாள். பாத்திரம் உருள்கிற சத்தம். கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம், இரண்டும் தனித்தனியாக, ஒன்றில் கீறல் இருப்பதுகூடத் தெரிகிற மாதிரி. தன் கையைப் பார்த்தாள். கீறல் விழுந்த வளையல் அங்கேதான் இருந்தது. இந்தச் சித்திரைக்கு வாங்கியது. அப்படியென்றால் இது பழைய பதிவு இல்லை, இது இந்தக் கோடை, இது தன்னுடைய சத்தம். தன் மூச்சு கேட்டது. பின்னால் யாரோ நின்று தன் மூச்சைத் தன்னிடமே விடுவது போல் இருந்தது. அப்புறம் ஒரு பெண் பேசினாள்.

"சாப்படறயா? … இல்ல, அவர் வர நேரமாகும். … சரி சரி, வந்தே சாப்புடலாம்." தன் குரல்தான், ஆனால் வகுப்பில் கேட்கிற குரலில்லை, மோகனிடம் பேசுகிற குரலில்லை, தொண்டையில் இல்லாமல் நெஞ்சிலிருந்து தளர்ந்து வருகிற ஒரு குரல், அதை எங்கேயோ கேட்டு ரொம்ப நாளாயிற்று. போனில் பேசியிருக்கிறோம். யாரோடு? மோகன் பெண்டாட்டி வள்ளியோடா. "அந்தச் சுடிதார் வேண்டாம், சாயம் போகுது. … ஆமா, ஊற வெச்சுத்தான் தொவைச்சேன். … உனக்கு எல்லாத்துக்கும் ஒரு வாய்." யாரிடம் சாயம் போகிற சுடிதாரைப் பற்றிப் பேசினோம், இந்தக் கோடையில் யாரிடம், வள்ளி சுடிதார் போடுவதில்லையே, பக்கத்து வீட்டு ராஜேஸ்வரியா, ராஜேஸ்வரியை வாய் என்று சொல்ல முடியாது, அவள் மூத்தவள். மனம் ஒவ்வொரு ஆளாக எடுத்து வைத்துப் பார்த்தது, ஒருத்தரும் பொருந்தவில்லை, மனம் மறுபடியும் மறுபடியும் அதே ஆட்களையே எடுத்து வைத்தது, ஏனென்றால் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிற ஆளிடம் போக அதற்கு விருப்பமில்லை. "வெய்யில்ல நிக்காத. பால்கனில என்ன வேல உச்சி வெய்யில்ல. தலைய உள்ள வந்து காய வெச்சுக்க." போனில் பேசுகிறவர்களிடம் யாரும் உள்ளே வா என்று சொல்வதில்லை. ஹெட்போனுக்குள் அந்தப் பெண் சிரித்தாள். இரண்டு வருஷமாகச் சாந்தாமணி சிரித்ததில்லை, சிரித்ததில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், அதைத் தன் ஒரே நேர்மையாக வைத்திருந்தாள். இந்தப் பெண் வயிறு குலுங்கச் சிரித்தாள், சிரித்து அடங்கி, தாழ்ந்த குரலில், "யாரு? … அவரா? … கேட்டாக் கேக்கட்டும் விடு. உங்கப்பாதானே," என்றாள்.

நிறுத்தினாள். எப்படி நிறுத்தினாள் என்று தெரியாது, விரல் செய்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பால்கனிக் கதவு திறந்து கிடந்தது, கம்பி மேல் வெயில், வேறு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகும் பார்வையை எடுக்க முடியவில்லை. ராஜேஸ்வரியக்கா படியில் நிறுத்தி, வீட்டுல விருந்தாடியா சாந்தா, பேச்சுச் சத்தம் கேட்டுதே என்று கேட்டது. டிவியாயிருக்கும் என்று சொன்னது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, மிஸ், யாருகிட்டப் பேசறீங்க என்று கேட்டது. திமிர் என்று அவளை வெளியே நிறுத்தியது. எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வேறு இடத்தில் உட்கார்ந்தன. டாக்டரைப் பார்க்கலாமா என்று அவர் கேட்டது. உங்களுக்கு நல்லதுதான் என்று தான் சொன்னது. ஐயோ. அவர் அந்தப் பார்வை பார்த்தது. இவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருக்கிறார், ஒரு நாள் கொண்டுபோய் யாராவது ஒரு டாக்டர் மேஜையில் போட்டுக் காட்டுவார், ரிக்கார்டரில் பேரிங் சத்தம் போட்டுக் காட்டுகிற மாதிரி, இந்த மோட்டார் போயிருச்சுங்க. பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும். மோகனுக்குத் தெரிந்துவிடும். பார்த்துக்கொள்ள வேண்டியவள் தான்தான் என்று எல்லோருக்கும் முன்னமே தெரிந்திருக்குமோ, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மோகன் அவரிடமும் அக்காவப் பாத்துக்குங்க என்று சொல்லியிருப்பானோ. இப்போது தான் பேசவில்லை என்று என்ன நிச்சயம்? இதையெல்லாம் மனதுக்குள்தான் சொல்லிக்கொள்கிறோமா? விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துப் பார்த்தாள், அசைகிறதா என்று. அசையவில்லை. விரலை எடுத்ததும் அசைந்த மாதிரி இருந்தது. மறுபடி வைத்தாள். ஆனால் இவ்வளவு பயத்துக்கும் அடியில் வேறொன்று இருந்தது, பயத்தைவிட அமைதியாக, பயத்தைவிட மோசமாக. மறுபடியும் போட்டுக் கேட்டபோதுதான் அது தெரிந்தது. சாப்படறயா என்று அந்தப் பெண் கேட்டாள், அதன் பிறகு ஒரு இடைவெளி, ஒரு பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. கேள்வித்தாளில் விடை எழுத விடுகிற வெற்று இடம் மாதிரி. அந்த இடத்தில் ஹெட்போனில் ஒன்றும் இல்லை, மெல்லிய குரல்கூட இல்லை, தண்ணீர் மாதிரி சுத்தம். ஆனால் அங்கே என்ன எழுத வேண்டும் என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. அப்பா வந்துரட்டும்மா. அதுதான். யோசிக்கவே இல்லை, தெரிந்தது. சுடிதார் பேச்சுக்கு நடுவில், ஊற வெச்சியா இல்ல சும்மா முக்கி எடுத்தியா. சிரிப்பு அடங்கின இடத்தில், அப்பா கேட்டுட்டு இருக்காரும்மா, ஃப்ரிட்ஜ் மேல பாரு. ஒவ்வொரு இடத்திலும் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தது, தெரிந்த பிறகு வெறுமை அதை உறுதி செய்தது. மாணவன் எழுதி அழித்ததைத் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் படிக்கிற மாதிரி. இல்லை, அதற்கும் ஒரு நேர்மையான பதில் இருக்கிறது, விடையை முன்னமே தெரிந்து வைத்திருக்கிறவள் எதை வேண்டுமானாலும் படிப்பாள், காசுக்குத் தக்கன காது கேட்கும் என்று மோகன் சொன்னானே, மனசு கொடுத்த காசு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. எழுந்து ஹெட்போனை முன்பு இருந்த மாதிரியே வைத்துவிட வேண்டும், முகம் கழுவ வேண்டும், தட்டெடுத்து வைக்க வேண்டும். எல்லாம் தெரிந்தது, எழ முடியவில்லை. ஜெகதீசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த சாவியைக் கீழே வைக்காமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டுட்டயா," என்றார்.

"எத்தன நாளாங்க?"

"அவ போனதுக்கப்பறம் வந்த தையிலருந்து. மொதல்ல நீ போன்ல பேசறயின்னு நெனச்சேன். அன்னிக்கு உன்ற போன் என்ற சட்டைப் பைல இருந்துச்சு."

"டாக்டர்கிட்டக் காட்டறதுக்குத்தான பிடிச்சு வெச்சீங்க?" குரல் வகுப்புக் குரலாக வந்தது. "நேராச் சொல்லுங்க."

"மொதல்ல அதுக்குத்தான்." அவர் மறைக்கவில்லை. "ஒரு நாள் எடுத்துட்டும் போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"மாத்திர குடுப்பாங்க. சாப்புட்டா நீ நிறுத்திருவ."

"நிறுத்துனா நல்லதுதானுங்களே."

ஜெகதீசன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "நீ நிறுத்திட்டீன்னா," என்றார், "அப்பறம் அவ யாருகிட்டப் பேசுவா?"

அவள் எதிர்பார்த்த வார்த்தைகளில் அது இல்லை. அவர் எழுந்து வந்து அவள் மடியிலிருந்து ஹெட்போனை எடுத்தார், கனமான குழந்தையை எடுக்கிற மாதிரி அடியில் கை கொடுத்து. "மொத இயர்போன்ல உன்ற பேச்சு மட்டுந்தான் கேட்டுச்சு. நீ நிறுத்தற எடத்துல எல்லாம் கலங்கலா, கசகசன்னு இருக்கும். அந்தக் கலங்கலுக்குள்ள இருக்கறா, எனக்குத்தான் புரியலையின்னு நெனைச்சேன். இன்னும் நல்லதா ஒண்ணு வாங்குனா கேக்குமின்னு வாங்குனேன். அதுக்கு மேல இன்னொண்ணு. கடைசியா நீ, கேட்டாக் கேக்கட்டும், உங்கப்பாதானேன்னு சொன்ன பாரு, அன்னிக்கு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் கேக்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் பேசறா. அப்பத்தான் இத வாங்குனேன்."

"மோகன் சொன்னது சரியாங்க? வீணா?"

"வீணில்ல. விக்கறவங்க சொல்ற அத்தனையும் நெசம். உன்ற வளையல்ல கீறல் கேக்குது. குக்கர் எந்த மூலைல இருக்குதுன்னு கேக்குது. நீ எச்சி முழுங்கறது கேக்குது." ஹெட்போனின் தோலை விரலால் தடவினார். "கலங்கல் போயிருச்சு சாந்தா. அடிவரைக்கும் தெரியுது. அடில ஒண்ணுமே இல்ல. இதுக்கு முந்தினதெல்லாம் மட்டமா இருந்துச்சு, மட்டமா இருந்தவரைக்கும் அவ அதுக்குள்ள இருந்தா." ஒரு பவுன் கொடுத்து மகளை இரண்டாம் தடவை தொலைத்தவர் போல் அவர் முகம் இருந்தது. பிறகு, அவள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், கிட்டத்தட்டச் சண்டைக்கு வருகிற குரலில் சொன்னார்: "உன்கிட்ட மட்டும் பேசறா. நானுந்தானே பெத்தேன். என்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்கறா."

சாந்தாமணிக்கு வாய் வரை வந்தது. எனக்குத் தெரியுங்க, அவ என்ன சொன்னான்னு ஒவ்வொண்ணும் தெரியும். அப்பா வந்துரட்டும்மான்னுதான் சொன்னா, உங்களுக்காகத்தான் சாப்பிடாம இருந்தா. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்பதும் தெரிந்தது. "அவ சொன்னது எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம். நீ சொன்னா அது நீ சொன்னதாப் போயிரும். எனக்குக் காதுல விழுகோணும்." போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து ரிக்கார்டரை எடுத்தார், அவளும் பின்னால் போய் நின்றாள். சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஆம்ப்ளிபயரையும் கொண்டுவந்து, வயர்களை மாட்டினார், டெஸ்டிங் பெஞ்சில் வேலை செய்கிற மாதிரி அவசரமில்லாமல், பிசகில்லாமல். உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "இப்ப இந்த ரூம்ல இருக்கறது அப்பிடியே கேக்கும்," என்றார். "கூப்புடு."

"என்னங்க இது?"

"கூப்புடு சாந்தா. ஒரே ஒருக்கா."

அவளுக்குத் தெரிந்து அவள் ஒருபோதும் கூப்பிட்டதில்லை. தெரியாமல் எத்தனை தடவை கூப்பிட்டாளோ, அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அந்தத் தளர்ந்த குரலை எங்கிருந்து எடுப்பது. வெயில் பால்கனியில் நேர் மேலே நின்றது. "மிருது," என்றாள். பேர் சொல்லி வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது. "மிருது. அப்பா வந்திருக்கறாரு." நிறுத்தினாள். ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு விட்டாள். இப்போது தனக்குத் தெரியும் என்று காத்திருந்தாள், மனதில் அது தானாக எழுந்து வரும் என்று, ஆனால் ஒன்றும் வரவில்லை. தேடினாள். அப்பா வந்துரட்டும்மா என்று சொன்ன இடத்தை மனதில் போய்த் தொட்டுப் பார்த்தாள், அங்கே சுவர்தான் இருந்தது. இதுவரை அங்கே ஒரு அறை இருந்ததென்றே நம்ப முடியாத மாதிரி சுவர். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டே பேர், என்று முதல் தடவையாக அவளுக்கு எண்ணிக்கை சரியாக வந்தது. போதும், எந்திரிங்க, சாப்புடலாம், நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம், ரெண்டு பேரும் போலாம் என்று சொல்வதற்காக அவர் பக்கம் திரும்பினாள்.

ஜெகதீசன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புருவச் சுருக்கம் போயிருந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பக்கத்தில், தோளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பால்கனிப் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்," என்றார். "இல்ல சாமி. இனிமேத்தான் சாப்படணும்."

சாந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தெரியும், அந்த ஒன்றுமில்லாததை இப்போது பார்க்க அவளால் ஆகாது. சல்லடை வழியே ஏதாவது கசிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். விசிறிதான் கேட்டது.

"அம்மாவா?" என்றார் ஜெகதீசன். நிறுத்தினார். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. "இங்கதான் நிக்கறா. பாத்துட்டுத்தான் இருக்கறா."

சாந்தாமணி ஓசைப்படாமல் நகர்ந்தாள். சுவரோரமாகப் போய் விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றித் தளர்ந்து ஓய்ந்தன. சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜின் சுவிட்சையும் அணைத்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சமையலறை வாசலில் நின்று, வளையல்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வைத்தாள். பிறகு, அவர் இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்கட்டும் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.